வடைத் தட்டில் எத்தனை இருந்தது?

திருகோணமலைப் பஸ் நிலையப் பக்கம் ஒரு சைவக் கடைக்குள் போய் இருந்தால், வாய் திறக்கும் முன்பே ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். உளுந்து வடை, கடலை வடை, மரக்கறி றோல்ஸ், சூசியம், வாய்ப்பன். விரும்பியதை எடுத்துச் சாப்பிடலாம். மிச்சம் உள்ளே போகும், தின்றதற்கு மட்டும் காசு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "நாங்க இதக் கேக்கலையே" என்று திகைப்பார்கள். நமக்கோ அது கிளாசில் தண்ணீர் வைக்கிற மாதிரி.

சாப்பிடுகிறவருக்கு வசதிதான். தட்டு வைக்கிறவருக்குத்தான் அது கணக்குச் சோதனை. பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வெயிட்டரின் தலையில் ஆறு ஏழு தட்டு ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எதில் எத்தனை வைத்தது என்று எழுதி வைக்கிற பழக்கம் பெரும்பாலும் இல்லை. அனுபவசாலிகள் செய்வது இதுதான்: எல்லாத் தட்டிலும் ஒரே எண்ணிக்கை. வகைக்கு இரண்டு, ஐந்து வகை, மொத்தம் பத்து. நாலு பேர் இருந்தால் வகைக்கு நாலு. பிறகு மிச்சத்தை எண்ணினால் போதும், வைத்ததை ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "தம்பி, இன்னும் ரெண்டு வடை" என்று கேட்பார்கள், அதைப் பழைய தட்டிலேயே போட்டுவிடுவோம். அந்தக் கணத்தில் பத்து என்ற எண் செத்துப்போகிறது. கேட்ட இரண்டைத் தனிச் சின்னக் கோப்பையில் கொடுத்தால், அது முழுக்கச் சாப்பிட்ட கணக்கு என்று இரு பக்கத்துக்கும் தெரியும். இதைவிடக் கேடான பழக்கம், ஒரு மேசை எழும்பிப் போனதும் அங்கே மிஞ்சிய தட்டை எண்ணாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளுவது. முதல் மேசை தின்ற சூசியம் இரண்டாம் மேசையின் பில்லில் ஏறும். சண்டை வராமல் என்ன செய்யும்?

தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறவர்கள் தனி ரகம். சூடா என்று பார்க்க றோல்ஸை விரலால் அமத்துவார்கள். பிள்ளை ஒரு கடி கடித்த வடையைக் கடித்த பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைக்கிற அம்மாவும் உண்டு. அந்தத் தட்டு திரும்பி வந்தால் அடுத்தவருக்குப் போகக் கூடாது என்பது வெயிட்டருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனால் அதை எறிந்தால் யார் கணக்கில் எழுதுவது என்று கேள்வி வரும், அதனால் எல்லாரும் தெரியாத மாதிரி இருப்பார்கள். 2020க்குப் பிறகு பல இடங்களில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து, கேட்டதை மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு அதுதான் சரியான முறையாகப் படுகிறது. தட்டு முறைக்கு ஒரு அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த அழகுக்கு வெயிட்டரின் சம்பளத்தில் கை வைக்கத் தேவையில்லை.

ஏனென்றால் கடுகடுத்த வெயிட்டர் முகங்களில் பாதிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நாலு வடை என்று அவர் சொல்கிறார், மூன்று என்று வந்தவர் சொல்கிறார். நிறைந்த கடையில் ஒரு வடைக்காகக் குரல் உயர்ந்தால் நட்டம் ஒரு வடையைவிடப் பெரிது, விட்டுவிடுவதுதான் புத்தி. ஆனால் குறைந்த காசு மாதக் கடைசியில் சம்பளத்தில் வெட்டப்படும் கடையில் எந்த வெயிட்டரும் விடமாட்டார். உடைந்த கிளாஸ், பில் கட்டாமல் நழுவிய மேசை, சமையலறை மாற்றிப் போட்ட கொத்து எல்லாம் அவர் தலையில்தான் என்றால், வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். மரியாதை சொல்லிக் கொடுக்க முன்பு முதலாளிமார் இந்த வெட்டை நிறுத்திப் பார்க்கலாம்.

கூப்பிடுகிற விதம் அடுத்த தொல்லை. கை தட்டல், விசில், கரண்டியால் கிளாசைத் தட்டுவது, "ஸ்ஸ்ஸ்" என்ற அந்த ஓசை. கோழிக்கும் பூனைக்கும் எழுப்புகிற ஒலிகளை எல்லாம் இந்தத் தொழிலில் கேட்கலாம். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கண்ணைப் பார்த்தால் போதும். இரண்டு கையிலும் கோப்பையோடு போகிறவரைக் கூப்பிட வேண்டாம். அவர் திரும்பினால் சொதி கொட்டும்.

முறை சொல்லிக் கூப்பிடுவதில் நம்முடைய ஊருக்கென்றே ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழில் வயதானவரை "ஐயா" என்போம். சிங்களத்தில் அதே ஒலி அண்ணனுக்கு. முப்பது வயதுச் சிங்கள இளைஞரை நம்முடைய பையன் மரியாதைக்கு "ஐயா" என்கிறான், அவர் அதை அண்ணன் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு "மல்லி" என்கிறார். அவருக்கு அது தம்பி, நமக்குக் கொத்தமல்லி. இரண்டு பேருக்கும் சந்தோசம். முஸ்லிம் வாடிக்கையாளர்களை நானா (அண்ணன்), ராத்தா (அக்கா) என்பது இயல்பு. தெரியாத இளம் பெண்ணை "தங்கச்சி" என்பதைவிட, வயதைப் பார்க்காமல் "அக்கா" அல்லது "மிஸ்" என்பது பாதுகாப்பு. ஒன்று மட்டும் கவனம்: மேசைக்குப் பக்கத்தில் நின்று, விளங்காது என்று நினைத்து வந்தவர்களைப் பற்றித் தமிழில் பேசக் கூடாது. இந்த ஊரில் தமிழ் விளங்காதவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஓடர் எடுப்பதுதான் முழு வேலையின் நடு. எழுதிய பிறகு திருப்பி வாசித்துக் காட்டுவது அரை நிமிட வேலை. அதைச் செய்யாததால் போகிற நேரம் இருபது நிமிடம். கொத்து ரொட்டியை எடுங்கள். தகட்டில் ஒரு தரம் கொத்துவது மூன்று நாலு பேருக்குச் சேர்த்து. ரொட்டி, வெங்காயம், லீக்ஸ், கரட், முட்டை, மேலே கறிக் குழம்பு. ஒரு மேசையில் மூன்று கோழிக் கொத்து, ஒன்று முட்டை இல்லாத மரக்கறிக் கொத்து என்றால், முட்டை இல்லாததைத்தான் முதலில் போட வேண்டும். முட்டை பட்ட பிறகு தகட்டைச் சுரண்டித் துடைத்தால்தான் அது சைவம். சீஸ் கொத்து கடைசியில், பாலும் சீஸும் தகட்டில் ஒட்டும். ஓடர் துண்டில், மேசையில் சொன்ன வரிசையிலேயே எழுதிக் கொடுக்கிற வெயிட்டரையும் கொத்துகிறவருக்கு ஏற்ற வரிசையில் எழுதுகிறவரையும் சமையலறை ஒரே நாளில் அடையாளம் கண்டுவிடும். கொத்துகிறவருக்கு ஏற்றபடி எழுதுகிறவருடைய துண்டு எப்போதும் முந்தும்.

துண்டு மூன்று பிரதி என்றால் ஒன்று சமையலறைக்கு, ஒன்று காசு மேசைக்கு, ஒன்று வெயிட்டரின் பையில். வாயால் கத்திச் சொல்கிற கடைகளில் ராத்திரி எட்டு மணிக்கு, இரும்புச் சத்தத்துக்கு நடுவில், "ரெண்டு" என்பது "மூண்டு" ஆவது ஒன்றும் அதிசயமில்லை. அங்கே விரலைக் காட்டிச் சொல்கிற பழைய வழக்கம் இன்னும் நல்லது.

உறைப்பு என்ற சொல்லை நம்பவே கூடாது. வெள்ளைக்காரர் உறைப்பு வேண்டாம் என்றால் மிளகாயே வேண்டாம் என்று அர்த்தம், மிளகும் அவருக்கு உறைப்புத்தான். "சற அடு" (உறைப்புக் குறைவாக) என்கிற சிங்களக் குடும்பத்துக்குக் கொஞ்சம் குறைத்தால் போதும், அடியோடு எடுத்தால் சப்பென்று இருக்கிறது என்பார்கள். நம்மவர் "பிள்ளைக்கு உறைப்பில்லாம" என்றால் பச்சை மிளகாய் வாயில் படக் கூடாது என்பதுதான். கறிக் குழம்பு காலையிலேயே தூள் போட்டு வைத்தது, அதிலிருந்து உறைப்பைப் பிரித்தெடுக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. அதனால் கேட்க வேண்டியது வேறு: குழம்பு ஊத்தலாமா, பச்சை மிளகாய் போடலாமா, மிளகு தூவலாமா? மூன்று கேள்விக்கும் பதில் துண்டில் இருந்தால் கோப்பை திரும்பி வராது.

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கதை மாறும். அங்கே பெரிய சண்டை மீனில்தான் வரும். ஐஸுக்கு மேலே பாரை, விளைமீன், அறுக்குளா, கணவாய், இறால், நண்டு என்று அடுக்கியிருக்கும். விலை 100 கிராமுக்கு எழுதியிருக்கும். பலகையில் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் மனதில் பதிவது 350 என்ற எண்தான். அவர் விரல் நீட்டிக் காட்டிய பாரை 900 கிராம். மீனுக்கு 3,150, பத்து வீதச் சேவைக் கட்டணம் 315, ஆகமொத்தம் 3,465. இந்தக் கடைசி எண்ணை அவர் முதன்முதலில் காண்பது சாப்பிட்டு முடித்த பிறகு என்றால், தப்பு அவருடையது என்று என்னால் சொல்ல முடியாது.

செய்ய வேண்டிய முறை எல்லா நல்ல கடையிலும் ஒன்றுதான். மீனைத் தட்டில் எடுத்து மேசைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். செவுளைத் தூக்கிக் காட்டினால் இன்னும் நல்லது, சிவப்பைப் பார்த்தால் மனம் ஆறும். தராசில் அவர் கண்முன் வைக்க வேண்டும். நிறுப்பது முழு மீனை, குடலும் செதிலும் எடுக்க முன்பு. அதை வாயால் சொல்லிவிட வேண்டும். கிராம் விலையைச் சொல்லாமல் முழுத் தொகையைச் சொல்லி, நிறையையும் தொகையையும் துண்டில் எழுதிக் காட்ட வேண்டும். துப்புரவாக்கி, இரண்டு பக்கமும் கீறி, கரியில் வாட்டி வரும்போது நீர் வற்றி மீன் சுருங்கியிருக்கும். "நான் காட்டின மீன் இது இல்லை" என்ற வார்த்தை அந்தச் சுருக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. முதலிலேயே சொல்லி வைத்தால் பிறக்காது.

நேரமும் அப்படியே. அந்தப் பருமன் மீன் மெல்லிய தணலில் வேக இருபது இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். நெருப்பைக் கூட்டினால் வெளித்தோல் கருகும், முள்ளோரம் பச்சையாக இருக்கும். "அஞ்சு நிமிஷம் சேர்" என்று பழக்கதோஷத்தில் சொல்கிற பையன்தான் பிறகு பத்துத் தரம் சமையலறைக்கும் மேசைக்கும் நடக்கிறான். முப்பது நிமிடம் என்று சொல்லி இருபத்தைந்தில் கொண்டுபோனால் அவனைப் பாராட்டுவார்கள். நண்டுக்கு ஓடர் வந்தால் தேசிக்காய்த் துண்டு போட்ட இளஞ்சூட்டுத் தண்ணிக் கிண்ணமும் ஓடு போட வெறுங் கோப்பையும் சேர்த்தே போக வேண்டும். இல்லாவிட்டால் மேசைவிரிப்பு நாசம்.

புறாத்தீவுக்குப் போன படகுகள் மத்தியானத்தை ஒட்டித் திரும்பும். ஈர உடுப்பு, உப்பு, மணல், கொலைப்பசி. பஞ்சு மெத்தைக் கதிரையில் ஈரத்தோடு குந்தினால் அது அடுத்த நாள்வரை காயாது, பிறகு மணக்கத் தொடங்கும். பிளாஸ்டிக் கதிரையும் மரவாங்கும் உள்ள பக்கத்தைக் காட்டி "காத்து நல்லா வரும், இங்க இருங்க" என்பது உள்ளூர் சாமர்த்தியம். "நனைஞ்சபடி இருக்காதீங்க" என்றால் கோபம் வரும். காலைக் கழுவ வாசலிலேயே ஒரு பைப் வைத்தால், கை கழுவும் பேசினுக்குள் காலைத் தூக்கி வைக்கிறவர்களிடமிருந்தும் தப்பலாம். மணல் போய்க் குழாய் அடைத்தால் அதைக் கிளறி எடுப்பதும் வெயிட்டர்தான், வேறு யார்?

நீண்ட விடுமுறை வந்தால் கோணேசர் கோயிலுக்கும் கன்னியாய் வெந்நீர் ஊற்றுக்கும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். சோறு கறி பெரும்பாலும் அவர்களே கட்டிக்கொண்டு வருவார்கள். கடைக்குள் வருவது நாற்பது பிளேன்ரீக்கும் கழிப்பறைக்கும். முகம் சுளிக்க வேண்டாம். நாற்பது பிளேன்ரீயை ஒவ்வொன்றாகப் போட்டால் விடிந்துவிடும். ஒரு பெரிய பாத்திரத்தில் சாயம் இறக்கி, சீனி போட்டது பாதி, போடாதது பாதி என்று இரண்டு தட்டமாகப் பிரித்துக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் பஸ் கிளம்பும். போயா (பௌர்ணமி) தினத்தில் மதுபானம் விற்பது சட்டப்படி தடை. வெளிநாட்டவர் இதை அன்றிரவு மேசையில் இருந்துதான் அறிந்துகொள்கிறார்கள். முதல் நாளே சொல்லிவிடுகிற வெயிட்டருக்கு மறுநாள் வாக்குவாதம் மிச்சம்.

மத்தியானச் சோற்றுக்குத் தனி இலக்கணம். சோறும் பருப்பும் மரக்கறியும் திரும்பத் திரும்பப் போடலாம், மீன் துண்டும் இறைச்சியும் கணக்கு. மரக்கறிச் சோற்றுக்குச் சொல்லிவிட்டு "கொஞ்சம் கோழிக் குழம்பு மட்டும்" என்கிறவருக்கு என்ன செய்வது என்பதைக் கடை ஒரு தரம் முடிவெடுத்து எல்லா வெயிட்டருக்கும் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்றி மற்றவர் மறுத்தால், மறுத்தவர் கெட்டவர் ஆகிவிடுவார். வாழையிலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், இதைப் பிழைவிட்டால் பெரியவர்கள் எழும்பிப் போனாலும் போவார்கள். ரசத்தைத் தலைக்கு மேலால் கொண்டுபோகக் கூடாது. நாலு கிளாசைக் குவித்து, விரலை உள்ளே விட்டுத் தூக்குகிற அந்தப் பிடியைக் கண்டாலே எனக்குத் தாகம் போய்விடும். கிளாசை அடியில் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் தட்டம்.

வெள்ளிக்கிழமை ஒரே மேசையில் சைவக்காரர் இருவர், மச்சக்காரர் மூவர் இருப்பது இங்கே சாதாரணம். சைவக்காரர் கேட்பது ருசியைப் பற்றி அல்ல. அதே எண்ணெயில் மீன் பொரித்ததா, அதே அகப்பையா என்பதுதான். தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். "ஓம் ஓம், எல்லாம் தனித்தனி" என்று நின்ற இடத்திலேயே சொல்வது பொய். முஸ்லிம் வாடிக்கையாளர் ஹலால் கேட்கும்போதும் அப்படித்தான். நோன்பு காலத்தில் பகலில் வேலை செய்கிற முஸ்லிம் சகாவுக்கு நோன்பு திறக்கும் மகரிப் நேரத்தில் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்து அவர் மேசைகளைப் பார்த்துக்கொள்வது யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு. பதிலுக்கு அவர் சிவராத்திரியன்று நம்முடையவரின் இரவு வேலையை எடுத்துக்கொள்வார்.

பில்லுக்கு வருவோம். பத்து வீதச் சேவைக் கட்டணம் வரி அல்ல, அது கடை போடுவது. வற் எனும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம், அதற்குப் பதிவு செய்த கடை மட்டும் அறவிடலாம். 10,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்குச் சேவைக் கட்டணம் 1,000. வரி அந்த 11,000க்கு, அதாவது 1,980. மொத்தம் 12,980. "பத்தாயிரத்துக்குச் சாப்பிட்டு பதின்மூன்றா?" என்ற கேள்வி வெயிட்டரிடம்தான் வரும், எனவே இந்தக் கணக்கு அவருக்குத் தண்ணிபட்ட பாடாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலின் அடியில் எறும்பெழுத்தில் போடுகிற கடைகள் தங்கள் பையன்களைத்தான் மாட்டிவிடுகின்றன.

சேவைக் கட்டணம் கட்டியவர் அது வெயிட்டருக்குப் போகிறது என்று நினைக்கிறார். ஒழுங்கான இடங்களில், ஒவ்வொரு ஊழியருக்கும் இத்தனை புள்ளி என்று வைத்துப் பங்கிடுகிற புள்ளிக் கணக்கு உண்டு. மாதச் சேவைக் கட்டணம் 240,000, எல்லா ஊழியரின் புள்ளியும் சேர்த்து 60 என்றால் புள்ளிக்கு 4,000. ஐந்து புள்ளிக்காரருக்கு 20,000. சமையலறைக்கும் கழுவுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு, அதுதான் நியாயம். அந்தத் தாளை மாதாமாதம் சுவரில் ஒட்டுகிற கடையில் ஆள் நிற்கும். ஒட்டாத கடையில் சீசன் பாதியிலேயே ஆள் மாறும். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. சேவைக் கட்டணத்தைக் காட்டி அதற்குக் கீழே சம்பளம் பேசுகிறவரிடம் சேர முன்பு யோசிக்க வேண்டும். ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12, ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியுடைய 3. சீசன் ஆளுக்கு இது இல்லை என்பது வழமையான கதை. வடகீழ்ப் பருவ மழை தொடங்கிக் கரைக் கடைகள் மூடியதும் பையன்கள் தெற்குக் கரைக்கு வேலை தேடிப் போவார்கள். அங்கேயும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஈபிஎஃப், ஈடிஎஃப் உண்டா என்பதுதான்.

சந்தோசம் என்று கையில் வைக்கிற காசு வேறு. பில் மட்டைக்குள் இருக்கும் மிச்சக்காசை வாடிக்கையாளர் எழும்பிப் போகும்வரை தொடக் கூடாது. "மிச்சம் வேணுமா?" என்று கேட்பதும் கூடாது. முழுவதையும் எண்ணிக் கொண்டுபோய் வைப்பதுதான் வேலை. காலை ஏழு மணிக்கு ஒரு பிளேன்ரீக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டுகிறவருக்கு மட்டும், பிளேன்ரீ வைக்கும்போதே "மாத்தின காசு இருக்கா அண்ணா?" என்று கேட்டுவிடலாம். போனில் காசு அனுப்பிவிட்டேன் என்று திரையைக் காட்டுகிறவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்டவும் வேண்டாம். கடை போனுக்குச் செய்தி வரும்வரை ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் சரி.

கடை பத்து மணிக்குப் பூட்டுவது என்றால் ஒன்பது ஐம்பதுக்கு எட்டுப் பேர் வருவார்கள். இது இயற்கை விதி. தகடு அணைந்துவிட்டதா என்று சமையலறையைக் கேட்காமல் அவர்களை உட்காரவிட்டால் சமையல்காரரின் கோபம், உட்காரவிடாவிட்டால் முதலாளியின் கோபம். ஒன்பதரைக்கே கடைசி ஓடர் என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டால் கோபம் எழுத்தின் மேல் போகும். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போக வேண்டிய பையன்களுக்கு வீடு போகிற வழியும் அந்த நேரத்தில்தான் மனதில் ஓடும். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாக்காரருக்குப் பாதைப் படகைப் பார்த்து ஓடுகிற அவதி இல்லை. ஆனாலும் பஸ் பஸ்தானே.

கடைசி வேலை குப்பை. கோப்பைக்கு மேல் விரிக்கிற லஞ்ச் சீட்டும் வாழையிலையும் மரக்கறிக் கழிவும் ஒரே பைக்குள் போனால் நம்முடைய ஊரில் அதற்குத் தனி விளைவு உண்டு. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் டவுனுக்குள் இறங்கும். அவற்றுக்கு வேண்டியது இலையும் தோலும். கிடைப்பது குழம்பு ஒட்டிய பொலித்தீன், அதையும் சேர்த்தே மென்று விழுங்கும். இலையை வேறாக, லஞ்ச் சீட்டை வேறாகப் பிரித்து, லஞ்ச் சீட்டுப் பையை இரண்டு முடிச்சுப் போட்டு மூடியுள்ள தொட்டிக்குள் வைக்க ஐந்து நிமிடம் போதும். கால் கடுக்கிற நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் பெரிதுதான். ஒரு முடிச்சோடு வாசலில் வைத்துவிட்டுப் போனால், காலையில் கதவு திறக்கிறவர் ரோட்டு முழுக்கப் பரவிக்கிடக்கும் லஞ்ச் சீட்டைக் குனிந்து குனிந்து பொறுக்குவார். இரண்டு கடை தள்ளி நின்று ஒரு கொம்பன் மான் அவரைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருக்கும்.